முதல் நாளே விஐ வேண்டாம்

போன வாரம் செங்கல்பட்டு ஸ்டேஷனில் லோக்கல் ரயிலுக்குக் காத்திருந்தபோது பழைய சக ஊழியர் ஒருவரைப் பார்த்தேன். திருக்கழுக்குன்றத்தில் சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் லினக்ஸ் வகுப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. "எந்த எடிட்டர் சொல்லிக் கொடுக்கறீங்க?" என்றார். "இந்தத் தடவை நானோ" என்றேன். முகத்தைச் சுளித்தார். "அது நோட்பேட் மாதிரி இல்லே? விஐ தெரியாதவனுக்கு டெர்மினல் எதுக்கு சார்?" அதற்குள் ரயில் வந்துவிட்டது. பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

இந்தப் பக்கம் வராதவர்களுக்கு இரண்டு வரி. மவுஸை நம்பாமல், கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியிடம் வேலை வாங்கும் இடம்தான் டெர்மினல். அங்கே ஒரு கோப்பைத் திறந்து எழுத, திருத்த ஓர் எடிட்டர் வேண்டும். விஐ 1976இல் பில் ஜாய் எழுதியது. 1991இல் பிராம் மூலினார் வெளியிட்ட விம் அதன் வாரிசு. நானோ 1999இல் வந்த சின்னப் பிள்ளை. விஐயைத் திறந்தவுடன் எழுத முடியாது. முதலில் 'ஐ' விசையை அழுத்த வேண்டும். அதற்கு முன் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. ஒன்று வரியை அழிக்கும், இன்னொன்று எங்கோ தாவும். நானோவில் திறந்தவுடன் எழுதலாம். சேமிப்பதும் வெளியேறுவதும் எப்படி என்பது திரையின் அடியிலேயே இருக்கும்.

நானும் முப்பது வருடம் விஐ ஆள்தான். கை தானாகப் போகும். அந்தத் திமிரில் முதல் தொகுதிக்கு முதல் நாளே விஐ நடத்தினேன். சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டுக் கடையில் கணக்கு எழுதுகிறாள். பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். பெயரைத் தட்டினாள், முதல் சில எழுத்துகளைக் காணோம், 'பீப்' சத்தம்தான் வந்தது. மறுபடி தட்டினாள். "சார், வெளியே வர முடியலை" என்றாள். நான் வேறொரு பையனிடம் இருந்தேன், "எஸ்கேப் அடிம்மா" என்று அங்கிருந்தே கத்தினேன். திரும்பிப் பார்த்தபோது பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் வரவில்லை. "எனக்கு இது வராதுன்னு சொல்லிட்டா சார்" என்றாள் தோழி.

அவளுக்கு வராதது கணினி அல்ல, 1976ஆம் வருடத்து முனையம். பில் ஜாய் உட்கார்ந்திருந்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிக்கென்று தனி விசை கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புகள் அச்சாகியிருந்தன. எஸ்கேப் விசையோ இன்றைக்கு டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில். இணைப்பு 300 பாட், அதாவது வினாடிக்கு 30 எழுத்து. அந்த மந்தமான வரியில் ஒவ்வொரு தட்டலும் காசு. அதற்கு விஐ அற்புதமான விடை. ஆனால் அந்தக் கேள்வி இந்தப் பெண்ணின் லேப்டாப்பில் இல்லையே!

இன்னொன்று, நண்பர் யோசித்தே இருக்க மாட்டார். எங்கள் வகுப்பில் தமிழும் அடிக்கிறோம், தமிழ்99 விசைப்பலகையில். ஊர்ப் பெயர் நான்கை அடித்துவிட்டு, ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்து வெளியேறப் பார்த்தால் க்யூ விசையில் 'ஆ' வருகிறது, ஐ விசையில் 'ன' வருகிறது. விஐக்கு 'ஆ'வும் தெரியாது, 'ன'வும் தெரியாது. எங்கள் லேப்டாப்களில் நானோவின் கண்ட்ரோல் விசைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. (டெர்மினலில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகத் தெரிகிற வேதனை இரண்டுக்கும் பொது. அதைத் தனியாகத் திட்டி எழுத வேண்டும்.)

"எந்த சர்வரிலும் விஐ இருக்கும்" என்பார்கள். உண்மை, கிட்டத்தட்ட முழு உண்மை. சர்வர் பார்க்கப் போகிறவன் இரண்டாம் மாதம் கற்றுக்கொள்ளட்டும். முதல் நாளில் தப்பிக்கும் வழி மட்டும் போதும்: எஸ்கேப், கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். இதைக் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று ஒருவர் கேட்ட கேள்வியை 2017க்குள் பத்து லட்சம் முறை பார்த்துவிட்டார்கள் என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளமே எழுதியது. அத்தனை பேரும் மக்குகளா? ஃபெடோரா லினக்ஸ்கூட 2020இல் இயல்பான எடிட்டராக நானோவை வைத்துவிட்டது.

"நாங்க கஷ்டப்பட்டுத்தானே கத்துக்கிட்டோம்" என்பதுதான் நண்பரின் உண்மையான வாதம் என்று நினைக்கிறேன். நாமெல்லாம் அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு, முட்டி தேய்ந்து ஓட்டக் கற்றவர்கள். வீட்டில் வேறு சைக்கிள் இல்லாததால் வந்தது அது. பேத்திக்குச் சின்ன சைக்கிள் வாங்கித் தரும்போது யாரும் குரங்குப் பெடலைக் கட்டாயமாக்குவதில்லையே சார்!

நானோ குறையே இல்லாததல்ல. அடியில் '^' என்று போட்டிருப்பதுதான் கண்ட்ரோல் என்று ஒரு தடவை சொல்லித்தர வேண்டியிருக்கிறது. சேமிக்க எஸ் இல்லாமல் ஓ-வைக் காட்டுவது இன்றைக்கும் எனக்கு எரிச்சல். ஆனால் இரண்டு நிமிடத்தில் கோப்பு சேமித்தாகிவிடும். அப்புறம் வகுப்பு எதற்காகவோ அதற்குப் போகலாம்: கோப்புகளைத் தேடுவது, நகர்த்துவது, சின்ன ஸ்கிரிப்ட் எழுதுவது.

அடுத்த தொகுதி ஆடி கழிந்து தொடங்குகிறது. இரண்டாம் மாதத்தின் முதல் சனிக்கிழமையை நண்பருக்கு ஒதுக்கியிருக்கிறேன், வந்து விஐ நடத்தட்டும். தோழியிடமும் சொல்லி அனுப்பினேன், சார் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மறுபடி வரச் சொல் என்று. இதுவரை பதில் இல்லை.