கேள்விப் பெட்டி: உலைநீரும் பிரேக்கும் ஒரு சொல்லும்

கொல்லிமலைக் குண்டனி நாட்டிலிருந்து இம்மாதம் மூன்று கடிதங்கள் வந்துள்ளன. மூன்றும் நாம் முகம் அறியாதவர்கள் எழுதியவை. ஒன்று அடுப்பைப் பற்றியது; ஒன்று வண்டியைப் பற்றியது; மற்றொன்று ஒரு சொல்லைப் பற்றியது. இத்தகைய வினாக்களுக்கெல்லாம் ஒரு குருவானவர் விடை எழுதிக் கொண்டிருப்பானேன் என்று வாசகப் பெரியவர் ஒருவர் நம்மைக் கடிந்து எழுதியிருந்தார். அவருக்கு அதே கொல்லிமலையைச் சான்று காட்டுகிறோம். ஜெஸ்ஸி பிராண்டு என்னும் பாப்திஸ்து சபைத் தொண்டர் 1913-ஆம் ஆண்டில் தம் மனைவி எவலினுடன் அம்மலையில் குடியேறினார். சொத்தைப் பல்லைப் பிடுங்கினார். நரம்புச் சிலந்திக்கு மருத்துவம் செய்தார். தச்சு வேலை கற்பித்தார். 1929-இல் மலைக்காய்ச்சல் கண்டு அம்மலையிலேயே இறந்தார். 1914-இல் பிறந்த அவர் மகன் பால் பிராண்டுதான், பின்னாளில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தியவர். அவர்கள் நம் திருச்சபையினர் அல்லர். ஆயினும் வந்தவர் எதைக் கேட்டாரோ அதற்கு முதலில் விடை சொன்னவர்கள். பெரியவர் பொறுத்தருள்வாராக.

முதற் கடிதம் ஒரு குடும்பத் தலைவியுடையது. இராசிபுரத்துப் பக்கத்திலிருந்து மணமாகி மலைக்கு வந்தவர். ஊரில் விரைவில் வெந்த துவரம் பருப்பு இங்கே எவ்வளவு விறகு வைத்தாலும் வேகவில்லை, தண்ணீர் சரியில்லையா, தம் கையில்தான் குறையா என்று வருந்தி வினவியுள்ளார்.

கையில் ஒரு குறையும் இல்லை, சகோதரி. நாம் இருக்கும் இடம் உயர உயர நம்மை அழுத்தும் காற்றின் பளு குறைகிறது. காற்றின் அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கடலோரத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாகை வீதம் முன்னதாகவே கொதிக்கிறது. கொல்லிமலை மேற்பரப்பின் பெரும்பகுதி ஆயிரம் மீட்டரும் அதற்கு மேலும் உயரமானது. ஆகவே உங்கள் உலை 96 பாகையளவில் தளதளவென்று கொதிக்கிறது. கொதிக்கும் நீருக்கு அடியில் எவ்வளவு தீ வைத்தாலும் அதன் சூடு மேலும் ஏறாது. நீர்தான் ஆவியாகித் தொலையும். எனவே கூடுதல் விறகு வீண். பருப்பை முன்கூட்டியே ஊறவையுங்கள். புளியைப் பருப்பு மசிந்த பின்னரே சேருங்கள், ஏனெனில் புளிப்பு பருப்பை இளகவிடாது. நெடுநாள் கிடந்த பருப்பு எந்த ஊரிலும் அடம் பிடிக்கும். பிரஷர் குக்கர் வாங்க இயலுமானால் அதுவே முழுத் தீர்வு. அது ஆவியை அடைத்து அழுத்தத்தை உயர்த்துவதால், மலைமேலும் உள்ளிருக்கும் நீர் 110 பாகையைத் தாண்டும்.

அடுப்பைப் பற்றிச் சற்று விரித்து எழுதியதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் கடிதத்தின் விடையும் கொதிப்பில்தான் அடங்கியிருக்கிறது.

அதை எழுதியவர் ஓர் இளைஞர். வாழைத்தார், பலா, அன்னாசி ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் சிறு சரக்கு வண்டியை ஓட்டுகிறார். இறக்கத்தில் கியரை நீக்கி நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பது முதலாளியின் கட்டளை. சில நாள்களாகக் கடைசி வளைவுகளை நெருங்கும்போது கருகல் நாற்றம் வருகிறது. பிரேக் மிதி வழக்கத்தைவிடத் தாழ்ந்து போகிறது. முதலாளியிடம் சொன்னால், பயந்தவனுக்கு வண்டி எதற்கு என்கிறாராம். வேலையை விடவும் வழியில்லை. என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

தம்பி, இக்கடிதம் நமக்கு உறக்கத்தைக் கெடுத்தது. முதலில் இதைச் செய்: அடுத்த லோடு ஏற்றுமுன் பிரேக்கை ஒரு மெக்கானிக்கிடம் காட்டு. அதற்குமுன் வண்டியை இறக்காதே.

இனிக் காரணத்தைக் கேள். உன் வண்டி சரக்குடன் இரண்டு டன் எடை என்று கொள்வோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கீழே இறங்குகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் ஆற்றல் எங்கேனும் போய்த்தானே ஆக வேண்டும்? அது வெப்பமாக மாறினால், அறுபது லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. திருவிழாச் சோற்றுக்கு உலை வைக்கும் அண்டாவை நினைத்துக்கொள். நியூட்ரலில் இறங்கும்போது அந்த வெப்பத்தில் பெரும்பங்கை நான்கு சக்கரங்களின் பிரேக்கே தாங்குகிறது. லைனிங் அளவுக்கு மீறிச் சூடேறினால் அதன் பிடிப்பு குறைகிறது. நீ நுகர்ந்த நாற்றம் அதுவே. பின்பு அச்சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறுகிறது. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. சாதாரண வகைப் புது ஆயில் 200 பாகைக்குமேல்தான் கொதிக்கும்; ஈரமேறிய பழைய ஆயிலோ 140 பாகையளவிலேயே கொதித்துவிடக் கூடும். கொதித்தால் குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்தினால் சக்கரம் வரை அழுத்தம் சேரும். குமிழியை அழுத்தினால் குமிழி சுருங்குவதோடு சரி. மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது.

கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் சுமையில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறது. எந்தக் கியரில் அவ்விடத்தில் ஏறினாயோ அதே கியரில் இறங்குவது பழைய ஓட்டுநர்களின் கணக்கு. அதைவிட நல்ல கணக்கு நமக்குத் தெரியவில்லை. வளைவுக்குள் நுழைந்தபின் கியர் மாற்றாதே, நுழையுமுன் மாற்று. பிரேக்கின்மேல் காலை வைத்தபடியே வராதே. அழுத்தி வேகத்தைக் குறைத்துக் காலை எடுத்துவிடு, இடையில் அது ஆறட்டும். நாற்றம் வந்தால் அகன்ற இடம் பார்த்து ஒதுங்கி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துக் காத்திரு. சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதே, வெடித்துவிடும். எஞ்சினை அணைத்து இறக்குவதோ அதனினும் கொடிது. பிரேக்குக்கு எஞ்சின் தரும் துணை அற்றுப்போகும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் அதுவும் கனத்துவிடும். ஒருநாள் மிதி முற்றிலும் தாழ்ந்துவிட்டால், விரைந்து பலமுறை மிதி, கியரைப் படிப்படியாகக் குறை, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழு. அதற்கும் அடங்காவிடில் பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைச்சரிவோடு உரசி நிறுத்து. வண்டி நசுங்கட்டும், தம்பி.

முதலாளியிடம் அச்சத்தைப் பேசாதே, கணக்கைப் பேசு. இக்காலத்து மின்னணு எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குப் போகும் டீசலே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் சும்மா ஓடுவதற்கு டீசல் செலவாகிறது. ஆக அவர் மிச்சம் என்று எண்ணுவது மிச்சமே அன்று. பழைய வகை எஞ்சினாயினும், மிஞ்சும் டீசலின் விலையை லைனிங்கும் டிரம்மும் மாற்றும் செலவோடு வைத்துப் பார்க்கச் சொல். ஓட்டும் இருக்கையில் அமர்ந்திருப்பவன் நீ. அங்கே எந்தக் கியர் என்பதை முடிவுசெய்யும் கடமை உன்னுடையது. பிறர் உயிரை அபாயத்தில் வைக்கும் கட்டளைக்குக் கீழ்ப்படிய யாரும் கடமைப்பட்டவரல்லர் என்பதை நமது குருமடப் பாடமும் ஐயமின்றிச் சொல்கிறது. சரக்கின்மேல் ஆள் ஏற்றும் வழக்கமிருந்தால் அதையும் விட்டுவிடு.

மூன்றாம் கடிதம் சமவெளியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவியுடையது. சாதிச் சான்றிதழில் ‘மலையாளி’ என்றிருப்பதைக் கண்டு, கேரளத்துப் பெண்ணா நீ என்று தோழியர் நகைக்கிறார்களாம். இனி விண்ணப்பங்களில் ‘கவுண்டர்’ என்று மட்டும் எழுதிவிடலாமா என்கிறார்.

வேண்டாம், மகளே. மலை என்னும் சொல்லும் ஆளி என்னும் ஈறும் சேர்ந்தது இப்பெயர். தொழிலை உடையவர் தொழிலாளி, அறிவை உடையவர் அறிவாளி. மலையை உடையவர் மலையாளி. இகரம், ஈகாரம், ஐகாரம் இவற்றில் முடியும் சொல்லோடு உயிரெழுத்தில் தொடங்கும் சொல் சேர்ந்தால் இடையே யகரம் தோன்றும். பனையோலை அப்படி, மலையாளியும் அப்படி. உங்கள் மலையின் பலாவோ ஆகாரத்தில் முடிவதால் பலாவிலை என்று வகரம் பெறும். கேரளத்தார் பெயரிலும் இருப்பது இதே மலைதான். பெயர் ஒன்றாயினும் மக்கள் வேறு. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாரின் வழியினர் தாங்கள் என்பது உங்கள் முன்னோர் வழங்கிவரும் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் அது இடம்பெற்றுள்ளது. தோழியருக்கு அதைச் சொல்லலாம்.

விண்ணப்பத்தில் மட்டும் ஓர் எழுத்தும் மாற்றாதே. பழங்குடியினர் அட்டவணையில் இருப்பது ‘மலையாளி’ என்னும் பெயரே. அதுவும் சேலம் முதலிய பழைய மாவட்டங்களின் பெயரோடு சேர்த்தே குறிக்கப்பட்டுள்ளது. நாமக்கல் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டமாதலால் உங்கள் உரிமைக்கு ஊறில்லை. கவுண்டர் என்று மட்டும் எழுதினாலோ, சமவெளியில் அப்பட்டம் உடைய வேறு சமூகத்தாரோடு உன்னைச் சேர்த்து, கல்வி உதவித்தொகையை மறுத்துவிடக் கூடும். பள்ளிச் சான்றிதழிலும் சாதிச் சான்றிதழிலும் எழுத்துக்கூட்டு ஒன்றாக இருக்கிறதா என்று இவ்விடுமுறையிலேயே ஒப்பிட்டுப் பார். வேறுபட்டிருந்தால் தந்தையாருடன் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சென்று விண்ணப்பிப்பதைத் தள்ளிப் போடாதே.