வளரும் கல்லும் வளராத கேள்வியும்

நெடுந்தீவில் 'வளரும் கல்' என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். தூண்போல் நிற்கும் முருகைக்கல். சில வருடங்களுக்கு முன் புத்தளத்திலிருந்து மாணவர் குழுவொன்றுடன் குறிகட்டுவானில் படகேறிப் போயிருந்தோம். வழிகாட்ட வந்த ஊர்க்காரர், கல் வருடாவருடம் உயர்வதாகச் சொன்னார். பத்தாம் தரத்துப் பிள்ளையொருத்தி கேட்டாள்: "அளந்து பார்த்தீங்களா அண்ணா?"

"அப்பு காலத்தில இடுப்பளவு எண்டு சொல்லுவினம் பிள்ளை" என்றார் அவர், முகம் சுளிக்காமல். முகம் சுளித்தவன் நான்தான். "ஊராரின் நம்பிக்கையில் கை வைக்காதே, வா" என்று அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன். அவளுக்கு விஞ்ஞானம் படிப்பிப்பவனும் நானே.

அடுத்து பெருக்க மரம். அதன் முன்னால் நின்று, "இது அறபு வணிகர்கள் நட்டது, எங்கட ஆக்களின் அடையாளம்" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னேன். அதே பிள்ளை: "எப்படித் தெரியும் சேர்?" புத்தகத்தில் இருக்கிறது என்றேன். எந்தப் புத்தகம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன். பெருக்க மரம் ஆபிரிக்காவுக்குரியது என்பது உண்மை. ஆனால் இந்தியத் துணைக்கண்டத்து மரங்களின் மரபணுவை ஆராய்ந்து 2015 இல் வெளியான ஆய்வு, அவை ஆபிரிக்காவின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து பல தடவைகளில் வந்தவை என்கிறது. அறபிகள் கொண்டுவந்திருக்கலாம், போர்த்துக்கேயர் முதலானோரும் கொண்டுவந்திருக்கலாம். வழிகாட்டியின் கல்லுக்கும் எனது மரத்துக்கும் என்ன வித்தியாசம்? அவருக்குச் சம்பளமில்லை, எனக்குண்டு.

எமது விஞ்ஞானக் கல்வி இவ்வளவுதான். 2007 இல் தொடங்கிய சீர்திருத்தம் தேர்ச்சி மையக் கலைத்திட்டத்தையும் ஐந்து 'ஈ' கற்பித்தல் முறையையும் கொண்டுவந்தது. மாணவர் தேடிக் கண்டறிய வேண்டும் என்பது அதன் அடிநாதம். வகுப்பறையில் நடப்பதோ கடந்தகால வினாத்தாள் பாராயணம். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகளைத் தவணை முடிவில் ஒரே இருப்பில் நிரப்புவோர் எம்மில் எத்தனை பேர் என்பது எமக்கே தெரியும்.

ஆய்வுகூடமில்லை, ஆசிரியரில்லை என்பார்கள். தீவுகளில் அது பொய்யல்ல. கடல் கடந்து வரும் ஆசிரியர் இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டே படகேறுகிறார். ஆனால் அந்தக் கல்லை அளக்க ஓர் அளவுநாடா போதாதா? முருகை, கடலுக்குள் உயிரோடிருக்கும்வரைதான் வளரும். உயிரற்றுத் தரையில் நிற்கும் கல் மழையில் கரையுமேயன்றி வளராது. இதை ஆசிரியர் சொல்லிக் கொடுத்தால் அதுவும் இன்னொரு பாராயணமே. பிள்ளைகள் ஒரு குறியிட்டு வருடந்தோறும் அளக்கட்டும். சுற்றியுள்ள மண் அரிக்கப்படுவதால் கல் உயர்வதுபோல் தெரிகிறதா என்றும் பார்க்கட்டும்.

கல் வளர்ந்தாலென்ன, தேய்ந்தாலென்ன என்று கேட்பீர்கள். சரி, கிணற்றுக்கு வருவோம். இத்தீவுகளின் சுண்ணக்கல்லுக்குள் மழைநீர், கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீரைவிட நன்னீர் அடர்த்தி குறைந்தது என்பதால் வந்த ஏற்பாடு. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடியை இறைத்துத் தீர்த்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 40 அடி ஏறிவரும். மோட்டார் பூட்டிய கிணறு உவர்ப்பாவது இதனால்தான். நயினாதீவுப் பிள்ளை 'அடர்த்தி'க்கு வரைவிலக்கணம் எழுதிப் புள்ளி வாங்குகிறது. வீட்டில் உம்மாவோ அம்மாவோ குடத்தைத் தூக்கிக்கொண்டு நன்னீர் தேடி நடக்கிறார். இவ்விரண்டும் ஒரே பாடம் என்பதை யாரும் அப்பிள்ளைக்குச் சொல்லவில்லை.

குடாநாட்டின் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது அறிக்கைக்கு எதிர் அறிக்கை வந்தது. எந்த மாதிரி எங்கே எடுக்கப்பட்டது, எது சோதிக்கப்படவில்லை என்று கேட்கத் தெரிந்தவர்கள் கொஞ்சப்பேர். மற்றவர்கள் தத்தம் கட்சிக்காரர் சொன்னதை நம்பினார்கள். 2019 இல் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா செலுத்தப் பணித்தது. அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிப்பதா விடுவதா என்று ஒவ்வொரு வீடும் தானே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

எம்மவருக்கு இன்னொரு வியாதியுமுண்டு. மீலாத் மேடைதோறும் இப்னு ஹைதமின் பெயரை முழங்குவோம். ஒளியியலுக்கு அவர் தந்தை என்போம். தொலமியைப் போன்ற பேராசானின் நூல்களையே சந்தேகித்து, முரண்பாடுகளைத் தேடித்தேடி அவர் தனி நூல் எழுதியதை மட்டும் சொல்லமாட்டோம். சொன்னால், மேடைக்குக் கீழே அமர்ந்திருக்கும் பிள்ளை எம்மையும் சந்தேகிக்கத் தொடங்கிவிடும் அல்லவா?

கல்வித் திணைக்களத்தாரிடம் நான் கேட்பது பெரிதல்ல. ஒன்பதாம் தர வகுப்பொன்று ஊர்க்கிணறு ஒன்றின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் மாதமொரு தடவை அளந்து பதியட்டும். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளியை அந்தக் கொப்பிக்குக் கொடுங்கள். கற்பிட்டியிலும் மணலுக்குள் இதேபோன்ற நீர்தான் நிற்கிறது. அடுத்த தவணையில் எனது வகுப்பு அங்கே ஒரு கிணற்றில் தொடங்குகிறது. அளவுநாடா வாங்கியாயிற்று.