வீடு யாருடையது?

எமதூரான சாய்ந்தமருதில் பெண்பிள்ளை பிறந்ததும் தகப்பனின் மனதில் எழுவது ஒரு வீடு. அத்திவாரம் வெட்டப் பல வருடம் செல்லலாம். கணக்கு அன்றே தொடங்கிவிடும். கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கே சீதனமாக எழுதப்படும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றைக் களமாகக் கொண்டு இத்தாய்வழி வழக்கத்தை ஆராய்ந்து, 2008இல் நூலாகவும் தந்தார்.

2004 டிசம்பர் 26இல் கடல் எமது கரையோர வீடுகளைக் கொண்டுபோயிற்று. பின்னர் புதிய வீடுகள் பகிரப்பட்டபோது, கிழக்கில் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என ஆணின் பெயரே பதியப்பட்டது. சீதன வீட்டை இழந்தவள் மனைவி. ஈடாக வந்த வீடு கணவனுக்கு! அதனைக் கண்டித்து எழுதியவர்களில் அடியேனும் ஒருவன். கிழக்கில் வீடு பெண்ணுடையது என்று உரத்தே எழுதினேன்.

அந்த எழுத்து சென்ற மாதம் என் வாசலிலேயே வந்து நின்றது.

இளைய மகளுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மஃரிப் பாங்கு சொன்னால் கேற்றைத் தாண்டக்கூடாது; தோழி வீட்டுக்குப் போவதாயின் உம்மாவும் கூடச் செல்ல வேண்டும்; இரவில் கைத்தொலைபேசி கூடத்து மேசையில் இருக்க வேண்டும். இரண்டு வயது மூத்த காக்காவுக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை. இஷாவுக்குப் பின் கடற்கரையில் இருந்துவிட்டு அவன் பத்து மணிக்கு வருவான்; சோறு மூடி வைக்கப்பட்டிருக்கும்.

கணித வகுப்பை ஆசிரியர் இரவு ஏழு மணிக்கு மாற்றிவிட்டார். போகத் தேவையில்லை என்றேன். ஏன் என்றாள். "ஊர் என்ன சொல்லும்?" என்றேன்.

"மேல கட்டுற ஊடு எனக்குத்தானே வாப்பா? அந்த ஊட்டுக் கேற்றைத் தொறக்க மட்டும் எனக்கு ஏலாதா?"

முப்பது வருடம் பிறரைக் கேள்வி கேட்டே பிழைத்தவன், பதிலின்றி நின்றேன்.

மார்க்கத்தை நான் துணைக்கு அழைக்கவில்லை. அழைத்திருந்தால் அவளே என்னைவிட நன்றாக விளக்கியிருப்பாள்! என் காரணம் ஊர்வாய் ஒன்றே. அதனை அற்பமென்று ஒதுக்கவும் முடியாது. சிற்றூரில் ஒரு வீண்பேச்சு ஒரு பெண்ணின் கலியாணத்தையே குழப்பும். அதன் விலையைச் செலுத்துபவளும் அவளே. ஆதலால் பெற்றோரை மூடர்களாகச் சித்திரிப்போருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஊருக்குப் பயந்து விதித்த ஒன்றை ஒழுக்கம் என்று பெயரிட்டுப் பிள்ளையிடம் விற்பது நேர்மையன்று.

இதே அச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக் கவிஞர் சல்மாவின் வாழ்வு சாட்சி. திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் பதின்மூன்று வயதளவில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் இருத்தப்பட்டார். மணமான பின்னும் ஒளித்தே எழுதினார். முதற் கவிதைத் தொகுப்பு 2000இல் வந்தது. மறு வருடமே உள்ளூராட்சித் தேர்தலில் வென்று தலைவரானார். 2025இல் இந்திய மாநிலங்களவைக்கும் தெரிவானார். என்னை உறுத்துவது இந்த வெற்றிகளல்ல. மறைத்து எழுதிய தாள்களை வெளியே கொண்டுசேர்க்க உதவியவர் அவருடைய தாயார். மகளை உள்ளே இருத்திய வீட்டின் தாயும் அவரேதான். அந்த விதியை அவர் உள்ளூர நம்பினாரா என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

அன்றிரவு என் மனைவியிடமும் அதைத்தான் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "மகள் கேட்டதை நானும் என்ட வாப்பாக்கிட்ட கேக்க நினைச்ச நாள் இருக்கு" என்றார். எங்களுக்கு மணமாகி இருபத்தேழு வருடம். இதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

மகள் வகுப்புக்குப் போகிறாள். அழைத்து வருவது காக்காவின் பொறுப்பு. தொலைபேசி விதியை மட்டும் நான் தளர்த்தவில்லை. அதனை மகனுக்கும் விதித்துவிட்டேன். இப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிபவன் அவன்தான்.