'கலா' என்று ஒரு சொல்

ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்து 20, 25 கிலோ மீட்டர் போனால் கேளம்பாக்கம். அங்கே புயல் காலத்தில் மக்கள் தங்குவதற்காகக் கட்டிய கட்டிடம் ஒன்று உண்டு. 2012-ம் ஆண்டு முதல் அதில் தங்க வைக்கப்பட்டவர்கள் புயலுக்குப் பயந்து வந்தவர்கள் அல்ல. சொந்த மண்ணில் இருந்து விரட்டப்பட்டவர்கள்.

அவர்கள் ரோகிங்கியா முஸ்லிம்கள். நாடு, பர்மா. இன்றைய பெயர் மியான்மர். ஆண்கள் பழைய இரும்பும் காகிதமும் பொறுக்கிப் பிழைத்தார்கள். பிள்ளைகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தார்கள்.

விரட்டியது யார்? பட்டாளம் என்பது பாதி பதில்தான். பட்டாளத்துக்கு முன்னால் பாதை போட்டுக் கொடுத்தவர்கள் வேறு.

கடையில் ஒட்டிய எண்

2012-ல் பர்மாவில் ஒரு பௌத்தப் பெண்ணைச் சிலர் மானபங்கப்படுத்திக் கொன்றார்கள். கொடிய குற்றம். சந்தேகப்பட்ட மூவரும் பிடிபட்டு விட்டார்கள். ஆனால் சில நாளில் ஒரு கும்பல் பஸ்ஸை மறித்தது. குற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாத 10 முஸ்லிம்களை அடித்துக் கொன்றது.

பிறகு கடைகளில் '969' என்ற எண் தோன்றியது. புத்தர், தர்மம், சங்கம் ஆகியவற்றின் பெருமைகளைக் குறிக்கும் எண் அது. தீவிர தேசியம் பேசிய பிக்குகள் அதை ஸ்டிக்கராக்கி, 'இது நம்மவர் கடை' என்று ஒட்டச் செய்தார்கள். ஒட்டாத கடையில் வாங்காதே என்று பொருள். விராது என்ற பிக்கு ஊர் ஊராகப் போய் முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசினார்.

2013 மார்ச்சில் மெய்க்திலா நகரில் ஒரு நகைக்கடையில் தகராறு. கடைக்காரர் முஸ்லிம். விற்க வந்தவர்கள் பௌத்தர்கள். விலைப்பேச்சு கைகலப்பு ஆயிற்று. பிறகு ஒரு பிக்கு கொல்லப்பட்டார். 40 பேருக்கு மேல் மாண்டார்கள். தெருத் தெருவாக வீடுகள் எரிந்தன. போலீசார் வேடிக்கை பார்த்ததாகப் புகார் எழுந்தது.

தாம்பரம் சண்முகம் சாலையிலும் கடைத் தகராறு நடக்கும். பொழுது சாய்வதற்குள் மறந்து போகும். மெய்க்திலாவில் மறக்க விடவில்லை. வெறுப்பை முன்பே ஊட்டி வைத்திருந்தார்கள்.

2017 ஆகஸ்டில் ரோகிங்கியா ஆயுதக் கூட்டம் ஒன்று போலீஸ் சாவடிகளைத் தாக்கியது. பட்டாளம் கிராமங்களையே கொளுத்தியது. 7 லட்சம் பேருக்கு மேல் வங்காள தேசத்துக்கு ஓடினார்கள்.

தமிழருக்கும் அதே பெயர்

ரோகிங்கியாக்களைப் பர்மாவில் 'கலா' என்று ஏசுவார்கள். தமிழில் அது பெண் குழந்தைக்கு வைக்கும் பெயர். அங்கே, இந்திய ஜாடை உள்ளவர்களை இழிவாகச் சொல்லும் சொல். வட்டிக்கடைச் செட்டியாருக்கும், ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கும் அதே பெயர்தான்.

பர்மா விவசாயிக்கு மனக்கசப்பு வரக் காரணம் இருந்தது. 1930-களின் இறுதியில், முக்கியமான நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் கடனுக்காகச் செட்டியார்கள் கைக்குப் போய்விட்டது. அதற்கு மூட்டை தூக்குகிறவன் என்ன செய்வான்?

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் இந்தியக் கூலிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கம்பெனிகள் பர்மியர்களை வேலைக்கு வைத்தன. நிறுத்தம் முடிந்ததும் பர்மியர்களை வெளியே தள்ளின. ஏமாற்றியது கம்பெனி. வெட்டுப்பட்டது கூலிக்காரன். நூறு பேருக்கு மேல் செத்தார்கள்.

1962-ல் ஜெனரல் நீ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் சர்க்கார் வசமாயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் நாடு திரும்பினார்கள். சேர்த்த பணத்தைக் கொண்டு வர முடியவில்லை. சென்னையில் பர்மா பஜாரில் கடை போட்டவர்கள் அவர்கள்தான். அத்தோவைச் சென்னைக்குக் கொண்டு வந்தவர்களும் அவர்களே.

1982-ல் வந்த குடியுரிமைச் சட்டம் ரோகிங்கியாக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. தாத்தா பிறந்த ஊரில் பேரன் அன்னியன்!

இங்கே ஒரு சொல்

ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் அடுக்கு மாடி வீடுகள் எழும்புகின்றன. அங்கே செங்கல் சுமப்பவர்களில் பலர் பீகார், ஒடிசா, வங்காளத்துக்காரர்கள். அவர்களுக்கும் 'வடக்கன்' என்று ஒரு சொல் புழங்குகிறது. சொல்பவர் விளையாட்டாகச் சொல்லலாம். கேட்பவர் முகத்தைப் பார்த்தால் தெரியும், அது விளையாட்டா என்று.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. ஒன்று, பீகார்காரர்களுக்குள்ளேயே நடந்த சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் போட்ட சண்டை. போலீசார் உடனே மறுத்தார்கள். பீகார் அதிகாரிகள் நேரில் வந்து விசாரித்தார்கள். அதற்குள் பலர் பயந்து ரயில் ஏறி விட்டார்கள். பொய்க்கு அத்தனை வேகம்.

ரோகிங்கியாக்களைக் கண்டறிந்து திருப்பி அனுப்பும்படி 2017 ஆகஸ்டில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. அவர்களை விரட்டிய பட்டாளமே 2021 பிப்ரவரியில் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தது. அதன் கையில் அவர்களை ஒப்படைப்பது நியாயம் ஆகாது.

பர்மாவில் இருந்து வந்த தமிழர்களுக்கு அன்றைய சர்க்கார் வீடு கொடுத்தது. தொழில் தொடங்கக் கடன் கொடுத்தது. கேளம்பாக்கத்தில் ஒதுங்கியவர்களுக்கு அந்த அளவுக்குக் கூட வேண்டாம். சொந்த ஊரில் பயமின்றி வாழும் நிலை வரும் வரை ஒரு கூரையும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இருந்தால் போதும்.