இணையத்தில் நின்ற வரிசை

2021 மே 1 முதல் 18 வயது நிறைந்த அனைவருக்கும் கொரோனாத் தடுப்பூசி என இந்திய அரசு அறிவித்தது. 45 வயதுக்குட்பட்டோர் ‘கோவின்’ இணையதளத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும் என்பது நிபந்தனை. ஏப்ரல் 28 மாலை பதிவு தொடங்கியது. அன்றே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பெயர் பதிந்தனர். பெயர் பதிவாயிற்று, ஊசி போடும் நாள்தான் கிடைக்கவில்லை.

கொல்கத்தாவின் அலிப்பூரில் மதில் சூழ்ந்த மாளிகைகள் உண்டு. அவற்றில் சமைத்தும் காவல் காத்தும் பிழைப்போரும் உண்டு. விரைவான இணைய வசதி உடையவர், காலியிடம் தோன்றிய நொடியிலேயே அதைப் பற்றிக்கொள்வார். பட்டன் கைப்பேசி வைத்திருக்கும் காவலாளி என் செய்வார்? பிறர் கணினியில் பதிய, ஓ.டி.பி. எண் இவர் கைப்பேசிக்கு வர, அதை இவர் படித்துச் சொல்வதற்குள் இடம் நிரம்பிவிடும். போதாக்குறைக்குத் தளம் ஆங்கிலத்தில் இருந்தது. வங்காளமும் தமிழும் ஜூன் மாதத்தில்தான் சேர்ந்தன. முந்தியவருக்கே முதலிடம் என்பது, ஓடுபாதை எல்லார்க்கும் ஒன்றாக இருந்தால் நியாயமே.

கோவிஷீல்டு இரண்டாம் தவணைக்கான இடைவெளியும் மார்ச்சில் 6 முதல் 8 வாரம், மே 13 அன்று 12 முதல் 16 வாரம் என நீண்டது. மருத்துவக் காரணம் கூறப்பட்டது. தட்டுப்பாட்டின் நடுவே கூறப்பட்டதால் மக்கள் ஐயுற்றதில் வியப்பில்லை.

கூட்டத்தைக் குறைக்க முன்பதிவு உதவியது உண்மை. அதைக் கட்டாயமாக்கியதே பிழை. இணைய வசதியற்றோர் நிலை குறித்து உச்ச நீதிமன்றமும் வினவியது. ஜூன் 21 முதல், முன்பதிவின்றி எந்த மையத்திற்கும் நேரில் செல்லலாம் என விதி மாறிற்று. மே முதல் நாளிலேயே அவ்விதி இருந்திருக்க வேண்டும்.