ஆள் மாறினாலும் தாளம் நிற்கக் கூடாது!



இந்த வருடம் காலேஜ் திறந்த இரண்டாவது வாரம். ஹாஸ்டல் வராந்தாவில் ஒரு பெரிய வாக்குவாதம். நமது சங்கத்தின் மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்த அண்ணனும், கீபோர்டு வாசித்த அண்ணனும் டிப்ளமோ முடித்துப் போய்விட்டார்கள். "அவங்களே போயாச்சு, இனி என்னடா குழு? பேரை மாத்துங்க, இல்லேன்னா இழுத்து மூடுங்க" என்றது ஒரு கட்சி. "பேர் இருந்தா போதும், எவன் வாசிச்சா என்ன?" என்றது இன்னொரு கட்சி. டிரம் செட் இன்று வரை ஸ்டோர் ரூமில் பழைய பேனர் துணியைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது.

அன்று நான் வாய் திறக்கவில்லை. இரண்டு கட்சியும் தப்பு என்று தோன்றியது, ஆனால் சொல்லத் தெரியவில்லை. இப்போது இந்த ஆண்டு மலரில் இடம் கிடைத்திருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஒரு கதை. நம்ம ஊர்க் கதை அல்ல, லண்டன் கதை. 'ஃபிளீட்வுட் மேக்' என்ற இசைக்குழுவின் கதை.

இந்தப் பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு 1977-இல் வந்த 'ரூமர்ஸ்' ஆல்பம்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்தக் குழு பிறந்தது பாப் பாடுவதற்காக அல்ல, புளூஸ் வாசிப்பதற்காக. புளூஸ் என்பது அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின மக்கள் தங்கள் துயரத்திலிருந்தும் உழைப்பிலிருந்தும் உண்டாக்கிய இசை. பெரும்பாலும் பன்னிரண்டு பார், மூன்றே கார்டு. கேட்கச் சுலபம், வாசித்துப் பார்த்தால்தான் கஷ்டம் புரியும்! 1960-களில் இங்கிலாந்து இளைஞர்களுக்கு அந்த இசையின் மேல் ஒரு பைத்தியமே பிடித்தது.

அப்போது லண்டனில் ஜான் மேயால் என்பவர் 'புளூஸ்பிரேக்கர்ஸ்' என்ற குழுவை நடத்திக்கொண்டிருந்தார். அது கிட்டத்தட்ட ஒரு பயிற்சிப் பட்டறை. வாசிக்க வருபவர்கள் தொழில் கற்றுக்கொண்டு வெளியே போய்ப் பெரிய ஆளாகிவிடுவார்கள். எரிக் கிளாப்டன் அங்கிருந்து 1966-இல் விலகினார். அவர் இடத்தில் வந்தவர் பீட்டர் கிரீன், அப்போது அவருக்கு வயது 19. கிளாப்டன் நின்ற இடத்தில் நிற்பது என்றால் சும்மாவா? ஆனாலும் சில மாதங்களிலேயே ரசிகர்கள் வாயைப் பிளந்தார்கள். அதே குழுவில் பேஸ் கிடார் வாசித்தவர் ஜான் மெக்வீ. சில வாரங்கள் மட்டும் டிரம்ஸ் வாசித்து, குடித்ததால் வெளியே அனுப்பப்பட்டவர் மிக் ஃபிளீட்வுட்.

மேயால் ஒரு சமயம் பீட்டர் கிரீனுக்கு ஸ்டுடியோ நேரத்தை இலவசமாகக் கொடுத்தார். கிரீன் இந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சில உருப்படிகளைப் பதிவு செய்தார். அதில் ஒரு வாத்திய இசைக்கு அவர் வைத்த பெயர்தான் 'ஃபிளீட்வுட் மேக்'. டிரம்ஸ்காரர் பெயரில் பாதி, பேஸ்காரர் பெயரில் பாதி!

1967-இல் கிரீன் தனிக்குழு தொடங்கியபோது அதற்கும் அதே பெயரை வைத்தார். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள் தோழர்களே. கூட்டம் வந்தது யாரைப் பார்க்க? பீட்டர் கிரீனை. அவர் தன் பெயரை வைத்திருந்தால் யார் கேட்பார்கள்? ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் அவர் பெயரை முன்னால் ஒட்டத்தான் செய்தார்கள். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது பின்வரிசைக்காரர்களின் பெயரை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1967 ஆகஸ்டில் வின்சர் விழாவில் குழு முதன்முதலாக மேடை ஏறியபோது, பெயரில் பாதிக்குச் சொந்தக்காரரான மெக்வீ அந்த மேடையில் இல்லை! மேயாலிடம் கிடைத்த நிலையான சம்பளத்தை விட அவருக்கு மனசு வரவில்லை. பாப் பிரன்னிங் என்பவர் தற்காலிகமாக வாசித்தார். சில மாதங்களுக்குள் மெக்வீ வந்து சேர்ந்தார்.

எல்மோர் ஜேம்ஸ் பாணியில் ஸ்லைடு கிடார் வாசித்த ஜெரமி ஸ்பென்சர் ஆரம்பத்திலேயே இருந்தார். 1968-இல் 18 வயது டேனி கிர்வன் சேர்ந்தார். மூன்று கிடார்! 1969 ஜனவரியில் 'ஆல்பட்ராஸ்' என்ற வாத்திய இசை பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதே மாதம் சிகாகோவின் செஸ் ஸ்டுடியோவுக்குப் போய், வில்லி டிக்சன், ஓட்டிஸ் ஸ்பான், படி கை போன்ற புளூஸ் ஆசான்களோடு உட்கார்ந்து வாசித்துவிட்டு வந்தார்கள்.

நம்ம துறைக்காரர்களுக்காக ஒரு சின்ன விஷயம். பீட்டர் கிரீன் வாசித்தது 1959-ஆம் வருட லெஸ் பால் கிடார். அதில் ஒரு பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் சிக்னல்கள் எதிரெதிர் ஃபேஸில் வந்து ஒன்றையொன்று கொஞ்சம் அழித்துக்கொள்ளும். மிஞ்சுவது மூக்கால் அழுவது போன்ற ஒரு மெல்லிய நாதம். லேபில் நாம் 'கனெக்‌ஷன் தப்பு' என்று சொல்லிக் கழற்றிப் போடுவது, அங்கே ஒரு கலைஞனின் குரலானது!

ஆனால் அந்தக் கலைஞன் நிலைக்கவில்லை. பணம் சேரச் சேர அவருக்கு மனம் கலங்கியது, சம்பாதித்ததை எல்லாம் தானம் செய்துவிடலாம் என்றார். போதை மருந்தும் சேர்ந்துகொண்டது. 1970 மே மாதம் குழுவை விட்டு விலகினார். பிறகு மனச்சிதைவு நோய் என்று கண்டறியப்பட்டு மருத்துவமனையில் இருந்தார். 1971-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜெரமி ஸ்பென்சர் கடைக்குப் போய் வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை, ஒரு மதக்குழுவில் சேர்ந்துவிட்டார். 1972-இல் டேனி கிர்வன் மேடைக்குப் பின்னால் கிடாரை உடைத்துவிட்டு, வாசிக்க மாட்டேன் என்று உட்கார்ந்தார், விலக்கப்பட்டார். இரண்டே வருடத்தில் மூன்று கிடாரும் போயிற்று.

எந்தக் குழுவாக இருந்தாலும் அங்கேயே 'வணக்கம்' போட்டிருக்கும். இவர்கள் போடவில்லை. மெக்வீயின் மனைவி கிறிஸ்டின் 1970-லேயே கீபோர்டுக்கு வந்திருந்தார். 1971-இல் கலிஃபோர்னியாக்காரரான பாப் வெல்ச் வந்து நாலு வருடம் பாரம் சுமந்தார். 1974 முடிவில் அவரும் போனார். அப்போது ஃபிளீட்வுட் ஒரு ஸ்டுடியோவில் தற்செயலாகக் கேட்ட கிடார்காரர் லிண்ட்ஸி பக்கிங்ஹாம். கூப்பிட்டார்கள். "ஸ்டீவி நிக்ஸும் வந்தால்தான் வருவேன்" என்று அவர் நிபந்தனை போட்டார். இருவரும் வந்தார்கள். 1975 ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் போனது. இரண்டு ஜோடிகளும் பிரிந்துகொண்டிருந்த நேரத்தில் உருவான 'ரூமர்ஸ்' பில்போர்டு பட்டியலில் மொத்தம் 31 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. உலகம் முழுவதும் 4 கோடிக்கு மேல் விற்றது.

"அது புளூஸ் இல்லையே, பீட்டர் கிரீனோடு குழு செத்துப்போச்சு" என்று சொல்லும் ரசிகர்கள் உண்டு. இசை மாறியது உண்மைதான், மறுக்கவில்லை. எனக்கும் கிரீனின் கிடார்தான் அதிகம் பிடிக்கும். ஆனால் குழு செத்துப்போச்சு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1967-லிருந்து அடியில் ஓடிய தாளம் அதே இரண்டு பேருடையது. வீடு கட்டும்போது மாடி வேறு மாதிரி எழும்பலாம், பெயின்ட் மாறலாம். அஸ்திவாரம் அதேதான். பெயரும் அஸ்திவாரத்தின் பெயர்தானே!

சரி, அப்படியென்றால் பேர் மட்டும் இருந்தால் போதுமா? அதற்கும் இந்தக் கதையிலேயே பதில் இருக்கிறது. 1974-இல் அவர்களுடைய மேனேஜர், பெயர் தனக்குத்தான் சொந்தம் என்று சொல்லி, சம்பந்தமே இல்லாத வேறு ஆட்களைச் சேர்த்து 'ஃபிளீட்வுட் மேக்' என்று அமெரிக்காவுக்கு அனுப்பினார். டிக்கெட் வாங்கினவனுக்குத் தெரியாதா? கூச்சல், குழப்பம். அந்தப் பயணம் பாதியில் நின்றது, விஷயம் கோர்ட்டுக்குப் போனது. பேர் என்பது போர்டில் எழுதுகிற பெயின்ட் அல்ல, யாரோ ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற தாளம்.

இப்போது நம்ம வராந்தாவுக்கு வருவோம். பாடகர் போனால் குழு போச்சு என்பது தப்பு. பாலிடெக்னிக்கில் எவனும் மூன்று வருடத்துக்கு மேல் இருக்கப் போவதில்லை (அரியர் வைத்தவர்கள் மன்னிக்க!). ஆள் போவது நம்ம சட்டம். அப்படிப் பார்த்தால் சங்கத்தையே வருஷா வருஷம் மூட வேண்டியதுதான். எவன் வாசித்தாலும் ஒன்றுதான் என்பதும் தப்பு. தாளம் தெரிந்த இரண்டாமாண்டுத் தம்பிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். மைக் பிடிப்பவர்களைப் பற்றியே பேசுகிறோம், டிரம் செட்டை டெம்போவில் ஏற்றி இறக்கிய இவர்களை யாராவது கேட்டோமா? அவர்களிடம் ஸ்டோர் ரூம் சாவியைக் கொடுங்கள். அவர்கள் முதலாமாண்டில் இரண்டு பேருக்குச் சொல்லித் தரட்டும். இதுதான் என் முதல் கோரிக்கை.

இரண்டாவது கோரிக்கை கொஞ்சம் கனமானது. நம்ம குழுவில் கிடார் வாசித்த ஒருவர் போன வருடம் பாதியில் நின்றுவிட்டார். மனசு சரியில்லை என்றார்கள். அப்புறம் வேறு மாதிரியும் பேசினார்கள். கேன்டீனில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். இத்தனை மாதத்தில் ஒருவர்கூட அவர் வீட்டுக்குப் போகவில்லை.

1998-இல் ஃபிளீட்வுட் மேக் குழுவுக்கு அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் இடம் கொடுத்தார்கள். கோடி கோடியாய் விற்ற ஐந்து பேரின் பெயரோடு பீட்டர் கிரீன், ஸ்பென்சர், கிர்வன் பெயர்களும் பட்டியலில் இருந்தன. அன்று கிரீன் மேடை ஏறி, தான் 1968-இல் எழுதிய 'பிளாக் மேஜிக் வுமன்' பாட்டை, அதை உலகெங்கும் பிரபலமாக்கிய சாண்டானாவோடு சேர்ந்து வாசித்தார். அதே பட்டியலில் பாப் வெல்ச் பெயர் இல்லை. மிகச் சோதனையான நாலு வருடம் சுமந்தவரை விட்டுவிட்டார்கள். அவர் 2012-இல் இறந்துபோனார். கிர்வன் 2018-இல், கிரீன் 2020-இல், கிறிஸ்டின் 2022-இல் மறைந்தார்கள். ஒருவரை நினைத்ததும் இன்னொருவரை மறந்ததும் ஒரே குழுதான். இதில் நாம் எதைக் கற்றுக்கொள்ளப் போகிறோம்?

போனவர்கள் எல்லோருடைய பெயரையும், பாதியில் நின்றவரையும் சேர்த்து, ஒரு பலகையில் எழுதிப் பயிற்சி அறையில் மாட்டுவோம். அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு பேராகக் கிளம்பி அவர் வீட்டுக்குப் போவோம். வாசிக்கச் சொல்ல வேண்டாம், அறிவுரை வேண்டாம். சும்மா பார்த்துவிட்டு, ஒரு டீ சாப்பிட்டு வருவோம்.

நானும் ஏப்ரலில் போய்விடுவேன். போன பிறகு ஆண்டு விழாவுக்கு வந்து கேட்டின் பக்கம் நிற்கும்போது, உள்ளே அதே தாளம் கேட்க வேண்டும். வாசிப்பவன் முகம் எனக்குத் தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை.

தோழமையுடன்,
மூன்றாமாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை