டச்சுக்காரன் எழுதி வைத்தான், நீங்கள் எதை வைத்தீர்கள்?

வணிகப் பெருமக்களே! இளைஞர்களே! சுண்ணாம்புக்குளத்துக் கரையில் நின்று ஏரியைப் பார்க்கிறீர்கள். இறாலும் நண்டும் வலையும்தானே நினைவுக்கு வருகின்றன? இதே ஏரியின் தென்கோடியில் பழவேற்காடு. 1613-ல் டச்சுக் கம்பெனி அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது எதற்காக? துணிக்காக! இந்தக் கரையின் நெசவுத் துணியைக் கொடுத்தால்தான் கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் கிடைத்தன. டச்சுக்காரன் வருவதற்கு முன்பே அந்தக் கடலில் கப்பல் ஓட்டியவர்கள் நம் மரக்காயர்கள்.

இதை மேடையில் முழங்குகிறோம், தக்பீர் சொல்கிறோம். "நீங்கள் வந்தேறிகள்" என்று ஒருவன் ஏசினால் அவன் முன் எடுத்துப் போட நம்மிடம் ஒரு துண்டுச் சீட்டாவது உண்டா?

அந்தச் சீட்டைத் தேடி எடுத்தவர் நம் ஜமாஅத்துக்காரர் அல்லர். 1930-ல் பிறந்த யாழ்ப்பாணத் தமிழர், பேராசிரியர் சின்னப்பா அரசரத்தினம். இலங்கையிலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பாடம் சொன்னவர். பிறகு ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, 1998-ல் மறைந்தார். டச்சு மொழி கற்று, கம்பெனி குமாஸ்தாக்கள் எழுதிய கடிதங்களையும் கணக்குகளையும் ஆண்டுக்கணக்கில் புரட்டினார். சோழமண்டலக் கரை வணிகர்களைப் பற்றிய அவரது பெருநூல் 1986-ல் வெளிவந்தது.

அவர் யாருக்கும் புகழ்மாலை சூட்டவில்லை. நம் மேடைப் பேச்சாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது! வெள்ளையன் வந்தான், மறுநாளே நம் கப்பல்கள் மூழ்கின என்ற கதையை அவர் ஏற்கவில்லை. அனுமதிச் சீட்டு, தடை, பீரங்கி எல்லாவற்றையும் மீறி, கம்பெனிக்காரர்கள் 'சூலியர்' என்று எழுதிய தமிழ் முஸ்லிம்கள் பரங்கிப்பேட்டையிலிருந்தும் நாகூரிலிருந்தும் அச்சேக்கும் கெடாவுக்கும் 18-ஆம் நூற்றாண்டிலும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். அதே ஏடுகளில் செட்டிகளும் கோமுட்டிகளும் இருக்கிறார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரரோடு பெருவணிகம் நடத்தியவர் சின்னண்ணா செட்டி. நமக்கு மட்டுமே கடல் சொந்தம் என்று பேசுபவருக்கும் அங்கே இடமில்லை, நம்மை அந்நியர் என்பவருக்கும் இடமில்லை.

நம் வரலாறு ஏன் அந்நியன் கணக்கில் கிடக்கிறது? நாம் வைத்துக்கொள்ளாததால்! பாட்டனார் எழுதிய பேரேட்டைப் பழைய பேப்பர்க்காரனுக்கு நிறுத்துப் போடும் கடைக்காரரே, உம்மைத்தான் கேட்கிறேன். வக்ஃபுப் பத்திரத்தைக் கரையான் தின்ன விட்ட முத்தவல்லிகளே, உங்களையும்தான். பிள்ளை வரலாறு படிக்கிறேன் என்றால் "சோறு போடுமா?" என்று அடக்கும் தகப்பன்மார் எத்தனை பேர்!

வருகிற ஜும்ஆவுக்குள் பரணில் ஏறிப் பாருங்கள். அரபுத்தமிழில் எழுதியதாயினும் சரி, மலாய்க் கடிதமாயினும் சரி, படிக்கத் தெரியவில்லை என்று தூக்கி எறியாதீர்கள். மஹல்லா இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று பட்டியல் எடுக்கட்டும். முதல் பேரேடு யார் வீட்டிலிருந்து வரப்போகிறது?